தாடை முதலில் சொன்னது: பணியிட மன அழுத்தம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் என்னிடம் வந்தது மூச்சுப் பயிற்சி கற்றுக்கொள்ள இல்லை. "அதை மட்டும் சொல்லாதீங்க, எனக்கு அது ஒத்துவராது" என்றுதான் முதல் சந்திப்பையே தொடங்கினார். ஐந்து மாதம் கழித்து, வேலைக்கு நடுவில் தன் மூச்சைக் கவனிப்பது அவருக்குக் கை கழுவுவதுபோல் பழகியிருந்தது. இடையில் என்ன நடந்தது, எந்த இடத்தில் நான் தவறாகக் கணித்தேன், மூச்சால் எது முடியும், எது முடியாது என்பதை விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து பேசும் ஆலோசகர்களுக்கும் இது பயன்படலாம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

வயது 38. வாடிக்கையாளர்களின் மென்பொருளைப் பராமரிக்கும் குழு ஒன்றுக்குத் தலைவர். அவரோடு சேர்த்து குழுவில் ஒன்பது பேர். எங்காவது சர்வர் நின்றுபோனாலும், ஒரு பரிமாற்றம் பாதியில் சிக்கினாலும் முதல் அழைப்பு இந்தக் குழுவுக்குத்தான் வரும். இரவு அழைப்புகளுக்கு ஆளுக்கு ஒரு வாரம் என்று ஆன்கால் முறை இருந்தது. ஆனால் தலைவர் என்பதால் முறை இல்லாத வாரங்களிலும் அவருடைய போன் ஓயவில்லை.

நான்கு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை என்றார். கழுத்திலும் வலது தோளிலும் வலி. விடுமுறை நாள் முடியும் மாலையில் வயிற்றைப் பிசையும். மருத்துவரிடம் ஏற்கெனவே போய்விட்டு வந்திருந்தார். ஈசிஜி, தைராய்டு, ரத்தச் சோதனை எல்லாம் சரியாக இருந்தன. ரத்த அழுத்தம் மட்டும் 136/88. மருந்து வேண்டாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் மருத்துவர் பார்த்தாரா என்பதுதான் என் முதல் கேள்வி. அதை மன அழுத்தம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

அவரை என்னிடம் வரவைத்தது உடம்பு அல்ல, ஒரு சம்பவம். குழுவிலேயே இளையவரான ஒருவரை, ஒரு குழு அழைப்பில், எல்லோரும் கேட்கும்படி கத்திவிட்டார்.

"கத்தினது தப்புன்னு தெரியும். ஆனா என்ன சொல்லிக் கத்தினேன்னு எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் பயமா இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் மற்ற எல்லாம் அமைந்தது. கோபம் வருவதை அவர் உணரவில்லை, வந்து போன பிறகுதான் உணர்ந்தார். அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் வழியில் அவருக்குத் தெரியாமல் பல படிகள் கடந்துபோயிருந்தன. அவரை அமைதிப்படுத்துவதற்கு முன்னால், அந்தப் படிகளை அவர் கண்ணில் படவைக்க வேண்டும் என்று தோன்றியது.

இது பர்ன்அவுட் எனப்படும், நீண்ட வேலை அழுத்தத்தால் எரிந்துபோன நிலையா என்றும் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு அந்த நிலையை நோய் என்று சொல்வதில்லை, தொழில் சார்ந்த நிகழ்வு என்றே குறிக்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: சக்தி வற்றிப்போதல், வேலையிடமிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மேல் கசப்பு, தன்னால் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இவரிடம் முதலாவது தெளிவாக இருந்தது. இரண்டாவது அப்போதுதான் முளைவிட்டிருந்தது. மூன்றாவது இல்லை. வேலையைப் பற்றிப் பேசும்போது முகத்தில் இன்னும் வெளிச்சம் வந்தது. நல்ல நேரத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சரி, மூச்சுப் பயிற்சி ஏன் ஒத்துவரவில்லை? இரண்டு மாதம் முன்பு ஒரு செயலியை வைத்து அவரே முயன்றிருக்கிறார். கண்ணை மூடி, எவ்வளவு ஆழமாக முடியுமோ அவ்வளவு ஆழமாக இழுத்து, பிடித்து, விட்டு, பத்து நிமிடம். நான்காவது நிமிடத்திலேயே உதடு மரத்து, விரல் நுனி சுருசுருத்து, தலை சுற்றியிருக்கிறது. கண்ணை மூடியிருந்ததால் இதயத் துடிப்பு மட்டும் பெரிதாகக் கேட்டிருக்கிறது. பயந்து எழுந்துவிட்டார். "மூச்சு விடக்கூடத் தெரியலையே எனக்கு" என்று அன்று அழுததாகச் சொன்னார்.

அவரிடம் ஒரு குறையும் இல்லை. உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காற்றை இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், உதடும் விரலும் சுருசுருக்கும். 'நல்லா ஆழமா மூச்சை இழு' என்று படபடப்பில் இருப்பவரிடம் நாம் எல்லோரும் சொல்கிறோம். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் தவறான யோசனை அது. ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குகிறவர் இன்னும் அதிகமாக வாங்கினால் என்ன ஆகுமோ அதுதான் அவருக்கு ஆனது. இதை விளக்கியபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

நோட்டில் வந்தது

முதல் இரண்டு வாரத்துக்கு மூச்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு சிறிய நோட்டு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதில் நான்கு கட்டம்: நேரம், என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அந்த உணர்வுக்கு ஒரு பெயர். எதையும் மாற்ற முயல வேண்டாம், நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுத வேண்டாம், பார்த்ததை எழுதினால் போதும்.

பெயர் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மனும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி தெரியும் முகப் படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் சூட்டியபோது, மூளையில் ஆபத்துக்கு மணி அடிக்கும் அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. 'ஒரு மாதிரி இருக்கு' என்பதும் 'எனக்கு அவமானமாக இருக்கிறது' என்பதும் மூளைக்கு ஒன்றல்ல. அவருடைய நோட்டில் முதல் நான்கு நாள் 'டென்ஷன்', 'டென்ஷன்', 'டென்ஷன்' என்றே இருந்தது. ஐந்தாவது நாள் முதன்முறையாக வேறொரு சொல்: 'மாட்டிக்கொண்ட உணர்வு.' அன்றிலிருந்து பெயர்கள் மாறத் தொடங்கின.

பதினான்கு நாளில் 53 பதிவுகள். இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். அந்தக் கணக்கு எங்கள் இருவரையும் புரட்டிப்போட்டது. உண்மையான கோளாறுகள், அதாவது சர்வர் விழுந்தது, பரிமாற்றம் நின்றது போன்றவை, வெறும் 6. தினசரி நிலவர மீட்டிங்குக்கு முந்தைய கால் மணி நேரம் 9. வீட்டில் போனைப் பார்த்தது 8. சில்லறைக் காரணங்கள் 11. மீதி 19 பதிவுகளும் ஒரே மாதிரி: 'ஒரு நிமிடம் பேசலாமா?' என்று, எதற்கு என்று சொல்லாமல் வந்து விழுந்த செய்திகள். பெரும்பாலும் மேனேஜரிடமிருந்து, சில வாடிக்கையாளர் தரப்பிலிருந்து.

வேலைப் பளு, இரவுக் கோளாறுகள், இவைதான் தன்னைத் தின்கின்றன என்று அவர் நம்பியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த 6 கோளாறுப் பதிவுகளில் நான்கில் அவர் எழுதிய பெயர் 'சுறுசுறுப்பு'. கோளாறு வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும், கையில் பிடி இருந்தது. 'பேசலாமா?' என்ற செய்தியில் பிடிக்க ஒன்றுமே இல்லை. பணி அழுத்த ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: வேலை கனமாக இருப்பது மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை, கனமும் இருந்து, அதன்மேல் தனக்கு எந்தப் பிடியும் இல்லாமலும் போகும்போதுதான் உடம்பும் மனமும் அதிகம் அடிபடுகின்றன. பல வருடமாக நான் பிறருக்கு விளக்கிவந்த கருத்து இது. ஒரு சின்ன நோட்டில் 19 வரிகளாக அதைப் பார்த்தபோதுதான் அதன் எடை எனக்கே தெரிந்தது.

மூன்றாவது கட்டத்தில் இன்னொரு கண்டுபிடிப்பு இருந்தது. படபடப்புதான் முதல் அறிகுறி என்று அவர் சொல்லிவந்தார். பதிவுகளை நேர வரிசையில் பார்த்தபோது படபடப்பு எப்போதும் கடைசியில் வந்தது. அதற்கு முன் தோள் காதுப் பக்கம் ஏறியிருந்தது. அதற்கும் முன், செய்தியைத் திறந்த அந்த நொடியில் மூச்சு நின்றிருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், தாடை இறுகி, நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டியிருந்தது. "இத்தனை நாளா பல் வலின்னு நினைச்சேன்" என்றார்.

செய்தியைப் படிக்கும்போது மூச்சு நிற்பது இவருக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. லிண்டா ஸ்டோன் என்பவர் 2008இல் இதற்கு மின்னஞ்சல் மூச்சுத்தடை என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். தன்னையும் தன்னைச் சுற்றியிருப்பவர்களையும் கவனித்து அவர் சொன்னது அது, மருத்துவ நோய்ப்பெயர் அல்ல. ஆனால் ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் அடுத்த மின்னஞ்சலைத் திறக்கும்போது நீங்களும் உங்களைக் கவனிப்பீர்கள்.

மூச்சுக்கு வந்தோம்

மூன்றாவது வாரம்தான் மூச்சைத் தொட்டோம். முதலில் எண்ணினோம். ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். இவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தபோதே 22.

எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன் என்பது அவர் குணம், அதனால் விளக்க வேண்டியிருந்தது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. துடிப்பு ஏறுகிறது, தசை இறுகுகிறது. சண்டை போடு அல்லது ஓடு என்ற இந்த ஏற்பாட்டை உடலியலாளர் வால்டர் கேனன் 1915 வாக்கிலேயே விவரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து கார்டிசோல் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அது உச்சத்தைத் தொட 20, 30 நிமிடம் ஆகும், இறங்க இன்னும் நேரம் ஆகும்.

இதை ஒரு நொடியில் நிறுத்தும் பொத்தான் உடம்பில் இல்லை. ஆனால் ஒரு கடிவாளம் இருக்கிறது. எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விட்டால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் 60, 70 என்று இருக்கிறதென்றால், மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தப் பிடி கொஞ்சம் தளர்கிறது, துடிப்பு கூடுகிறது. வெளியே விடும்போது பிடி இறுகுகிறது, துடிப்பு குறைகிறது. மணிக்கட்டில் விரலை வைத்து மெதுவாக மூச்சு விட்டால் பலரால் இதைத் தொட்டே உணர முடியும். அவரும் வைத்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்துவிட்டு, "இது நான் செய்யறதா, தானா நடக்கறதா?" என்று கேட்டார். இரண்டும்தான். இதயத்தையோ குடலையோ நாம் நேராகக் கட்டளையிட்டு நடத்த முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். அதனால்தான் உள்ளே நுழைய அது வாசலாக இருக்கிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை மிக எளியது. கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ள வேண்டும், அவருக்குக் கண்ணை மூடினால் பயம். இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருப்பதை முதலில் உணர வேண்டும். தாடையைத் தளர்த்தி நாக்கைக் கீழே விட வேண்டும். பிறகு மூக்கு வழியாகச் சாதாரணமாக, மூன்று எண்ணும் நேரம் உள்ளே. ஐந்தோ ஆறோ எண்ணும் நேரம் மெதுவாக வெளியே. பிடித்து வைக்கக் கூடாது, பெரிதாக இழுக்கக் கூடாது. ஐந்து முறை, அவ்வளவுதான். மனம் எங்காவது ஓடினால், ஓடியது தெரிந்த உடனே பாதத்துக்குத் திரும்ப வேண்டும். ஓடியதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ளக் கூடாது.

நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பலருக்கு அதிகமாக இருக்கும். அதனால் சிலர் ஆறு என்ற எண்ணையே இலக்காக வைப்பார்கள். நான் வைக்கவில்லை. ஏற்கெனவே இலக்குகளால் நொந்துபோனவருக்கு மூச்சிலும் ஓர் இலக்கு வேண்டாம். அவர் தானாகவே ஒன்பது, பத்து என்ற அளவுக்கு வந்தார், அது போதுமானதாக இருந்தது.

நாளுக்கு எவ்வளவு நேரம் என்பதும் கேள்வியாக வந்தது. ஜான் கபாட் சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய, கவனத்தைப் பழக்கும் எட்டு வாரத் தியானத் திட்டத்தில் வீட்டுப் பயிற்சியே நாளுக்கு முக்கால் மணி நேரம். நீடித்த வலியோடு இருந்த பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் இவரிடம் முக்கால் மணி நேரம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் எனக்குத் தைரியம் தந்தது. அதில் பங்கேற்றவர்கள் ஒரு மாதம், நாளுக்கு ஐந்தே நிமிடம் பயிற்சி செய்தார்கள். பதற்றம் எல்லாக் குழுக்களிலும் குறைந்தது. இரண்டு படியாக உள்ளே இழுத்து நீளமாக வெளியே விடும் பெருமூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு, வெறுமனே மூச்சைக் கவனித்துத் தியானம் செய்தவர்களைவிட மனநிலை அதிகம் மேம்பட்டது. ஆகவே, காலையில் ஐந்து நிமிடம், அப்புறம் வேலைக்கு நடுவில் தாடை இறுகும்போதெல்லாம் ஐந்து மூச்சு என்று முடிவு செய்தோம்.

'தாடை இறுகும்போது' என்பதுதான் இதில் முக்கியம். 'டென்ஷன் வரும்போது மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்' என்று சொன்னால் பெரும்பாலும் ஒருவரும் செய்வதில்லை. டென்ஷன் என்று தெரியும்போது ஏற்கெனவே தலைக்கு மேல் வெள்ளம் போயிருக்கும். தாடை, காலில் தண்ணீர் படும் இடம். அங்கேயே தெரிந்துவிட்டால் ஐந்து மூச்சு போதும். இந்த இடத்தை ஒவ்வொருவரும் தன் உடம்பில் தானே தேடிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு அது கால் விரல் மடங்குவது, இன்னொருவருக்கு உள்ளங்கை வியர்ப்பது. இரவல் வாங்க முடியாது.

ஆறாவது வாரம்

இங்கேதான் நான் தவறினேன்.

நான்காவது, ஐந்தாவது வாரங்கள் நன்றாகப் போயின. மூன்று மணி விழிப்பு வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தது. ஆறாவது வாரம் உற்சாகமாக வந்தார். மேனேஜர் கூப்பிட்டு, வேறொரு குழு முடிக்காமல் விட்ட சோதனை வேலையை இரண்டு வாரத்துக்கு உங்கள் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னாராம். "தாடை இறுகறது தெரிஞ்சுது. மூச்சை மெதுவா விட்டேன். கோபமே வரலை. சரின்னு சொல்லிட்டேன்." நான் பாராட்டினேன். என் குறிப்பில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி வைத்தேன்.

அடுத்த சந்திப்பில் கண்ணுக்குக் கீழ் கருவளையத்தோடு வந்தார். ஐந்து இரவு தூக்கமில்லை. கழுத்து வலி திரும்பியிருந்தது. பயிற்சியை ஒரு நாள்கூட விடவில்லை, சொல்லப்போனால் கூடுதலாகவே செய்திருந்தார். "எல்லாம் சரியாத்தான் செய்யறேன். அப்புறம் ஏன்?"

நோட்டைத் திறந்து அந்தப் பதிவைப் பார்த்தோம். 'தாடை. மூச்சு. சரி என்று சொன்னேன்.' பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. முந்தைய வாரம் அதைப் பார்த்தும் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அந்த நேரத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்று இப்போது கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அநியாயம்னு" என்றார்.

அநியாயம் என்று உடம்பு சொல்லியிருக்கிறது. அந்தக் குரலை மூச்சால் அடக்கிவிட்டு, சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அமைதியாக இருக்கக் கற்றுக்கொடுத்தேன், அந்த அமைதியோடு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் புகை வருகிறது என்று மணி அடித்தால், மணியை நிறுத்துவது அடுத்து யோசிக்க நமக்கு வசதி. ஆனால் மணியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போகக் கூடாது.

பணியிடங்களில் மூச்சுப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்படும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு கவலை இருந்திருக்கிறது. அதற்கு இந்தச் சம்பவம்தான் சரியான உதாரணம். பத்து பேர் செய்ய வேண்டியதை ஆறு பேர் செய்கிற இடத்தில், அந்த ஆறு பேருக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால், அவர்கள் இன்னும் கொஞ்ச நாள் தாங்குவார்கள். அதைத் தீர்வு என்று எண்ணிக்கொள்கிற நிர்வாகம் அவர்களை இன்னும் ஆழமாகச் சோர்வில் தள்ளுகிறது. மூச்சுப் பயிற்சிமேல் எனக்கு இருக்கும் மதிப்பில்தான் இதைச் சொல்கிறேன். அதை ஒரு தாங்கும் கருவியாக மட்டும் பயன்படுத்துவது அதற்கே செய்யும் அவமதிப்பு.

அன்று நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தோம்: 'எனக்கு இங்கே என்ன தேவைப்பட்டது?' ஐந்து மூச்சுக்குப் பிறகுதான் அதை நிரப்ப வேண்டும், முன்னால் அல்ல. சூடாக இருக்கும்போது எழுதினால் 'இவர்கள் எல்லோரும் ஒழிந்தால் போதும்' என்றுதான் வரும், அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஐந்து மூச்சுக்குப் பிறகு எழுதியவை வேறு மாதிரி இருந்தன. 'எதற்காகக் கூப்பிடுகிறார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.' 'இதை யார் முடிப்பது என்று இப்போதே முடிவாக வேண்டும்.' 'யோசிக்க ஒரு மணி நேரம்.' 'தூக்கம்.' ஒருமுறை மட்டும், 'அவர் என்மேல் கோபமாக இல்லை என்று தெரிய வேண்டும்.'

அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒரு முழுச் சந்திப்பு பேசினோம். 'பேசலாமா?' என்ற ஒரு சொல்லுக்கும் இறுகிய தாடைக்கும் நடுவில் ஓர் எண்ணம் மறைந்திருந்தது: நான் ஏதோ தவறு செய்துவிட்டேன், அதற்குத்தான் கூப்பிடுகிறார். அந்த 19 பதிவுகளையும் திரும்பிப் பார்த்து, உண்மையில் எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்தில் எழுதினார். கண்டிப்பதற்காகக் கூப்பிட்டது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தகவல் கேட்க, தேதி மாற்ற, ஒருமுறை பாராட்ட. அந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது வேலையைவிடப் பழைய கதை, அதை இங்கே எழுதப்போவதில்லை.

மேனேஜரிடம்

ஒன்பதாவது வாரம் அவர் மேனேஜரிடம் நேரம் கேட்டு வாங்கிப் பேசினார். கையில் ஒரே ஒரு தாள். குறை சொல்லும் கடிதம் அல்ல, எண்ணிக்கை: எந்த மாதிரி நேரங்களில் வேலை தடைபடுகிறது, மீண்டும் கவனம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை இரவு அழைப்புகள் அவர் இல்லாமலே முடிந்திருக்கக் கூடியவை. மூன்று கோரிக்கைகள் வைத்தார். பேசக் கூப்பிடும் செய்தியோடு விஷயத்தை ஒரு வரியில் சேர்த்து அனுப்ப வேண்டும். இரவு அழைப்பு முதலில் முறையில் இருப்பவருக்குப் போக வேண்டும், அவரால் முடியாவிட்டால் மட்டும் தனக்கு. தினசரி நிலவர மீட்டிங் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைய வேண்டும்.

பேச்சுக்கு நடுவில் இரண்டு முறை தாடை இறுகியதாம். இரண்டு முறையும் மூச்சை மெதுவாக விட்டுவிட்டுத் தொடர்ந்தாராம். குரல் உயரவில்லை, ஆனால் சொல்ல வந்ததை விடவும் இல்லை. ஆறாவது வாரமும் இதே மூச்சுதான் விட்டார்.

முதல் கோரிக்கைக்கு அன்றே சரி கிடைத்தது. "அவசரத்துல அப்படியே அனுப்பிடுவேன், அதுல இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை" என்றாராம் மேனேஜர். அவர் கெட்டவர் அல்ல, யாரும் அவரிடம் சொன்னதில்லை. இரவு அழைப்பு முறை மாற ஆறு வாரம் பிடித்தது, அதுவும் இரண்டு முறை நினைவூட்டிய பிறகு. மீட்டிங் கோரிக்கை மறுக்கப்பட்டது.

இளையவரிடம் மன்னிப்புக் கேட்டது இதற்கெல்லாம் முன்பே, ஏழாவது வாரம் நடந்தது. அதற்கு அவர் சொன்ன பதிலை இவர் நோட்டிலேயே எழுதி வைத்திருந்தார்: "நீங்க கத்தினதைவிட, மறுநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசினதுதான் கஷ்டமா இருந்துச்சு." பெயர்க் கட்டத்தில் 'வெட்கம்' என்றும், பக்கத்திலேயே 'நிம்மதி' என்றும் இருந்தது.

ஐந்தாவது மாதம்

ரத்த அழுத்தம் 124/82. இதில் எது மூச்சால் வந்தது, எது தூக்கத்தால் வந்தது, எது அழைப்பு முறை மாறியதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வில் அப்படிச் சொல்வது நேர்மையும் ஆகாது. மூன்று மணி விழிப்பு வாரத்துக்கு ஒரு நாள் இன்னும் இருக்கிறது. கழுத்து வலி பெரும்பாலும் போய்விட்டது. தினசரி மீட்டிங்குக்கு முன்னால் இன்றும் தாடை இறுகுகிறது. அது தனக்குப் பிடிக்காத மீட்டிங், அவ்வளவுதான் என்று இப்போது சொல்கிறார், அதைச் சரிசெய்ய வேண்டிய நோயாகப் பார்ப்பதில்லை.

இதே முறையை எல்லோருக்கும் அப்படியே கொடுத்துவிட முடியாது. மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே பதற்றம் கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதத்தையோ, கையில் பிடித்திருக்கும் ஒரு பொருளையோ, ஜன்னலுக்கு வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனிக்கச் சொல்வதே நல்லது. ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் மூச்சின் அளவை மாற்ற வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறவர், திடீர் திடீரென்று பீதி வந்து செயலிழந்துபோகிறவர், வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாதவர், இவர்களுக்கு ஐந்து மூச்சும் ஒரு நோட்டும் போதாது. காலம் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோட்டில் அவர் இப்போது கட்டம் போடுவதில்லை. ஆன்கால் வாரங்களில் மட்டும் எழுதுகிறார். போன மாத ஆன்கால் வாரத்தில் மூன்றே பதிவுகள் இருந்தன. கடைசிச் சந்திப்பில் மூன்றாவதைக் காட்டினார்.

'இரவு 2:10. சர்வர். தாடை சும்மா இருந்தது. 2:50க்கு முடிந்தது. தூங்கிவிட்டேன்.'